ஒளியால் திருத்தப்படும் கண் வில்லை

"கண்புரையை அகற்றினார்கள், பார்வை வந்தது. ஆயினும் மூக்குக்கண்ணாடி போகவில்லையே" என்று சிலர் குறைப்படக் கேட்டிருப்பீர்கள். அதன் காரணம் யாது?

கண்ணினுள் உள்ள இயற்கை வில்லை மங்குவதே கண்புரையாகும். அதனை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தும் முறையை 1949ஆம் ஆண்டில் இலண்டனில் ஹரோல்ட் றிட்லி என்னும் வைத்தியர் தொடக்கினார். அவருடைய முதல் நோயாளிக்கு வில்லையின் வலு மிகையாயிற்று. தூரப் பொருள்கள் தெளியவில்லை. இன்று கண்ணை நுட்பமாக அளந்தே வலுவைக் கணிக்கின்றனர். எனினும், புண் ஆறியபின் வில்லை சரியாக எவ்விடத்தில் நிலைக்கும் என்பதை முன்கூட்டியே முற்றாக அறிதல் அரிது.

இக்குறையைப் போக்கும் பொருட்டு, பொருத்தியபின் திருத்தக்கூடிய வில்லைக்கு 2017ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. சிலிக்கோனாலான இவ்வில்லையில் ஒளி பட்டால் பிணையும் மூலக்கூறுகள் கலந்துள்ளன. இரண்டு மூன்று வாரங்களின் பின் பார்வையைச் சோதித்து, வேண்டிய பாகத்தில் ஊதாக் கடந்த ஒளியைச் செலுத்துவர். அங்குள்ள மூலக்கூறுகள் பிணைய, ஒளி படாத பாகத்திலுள்ளவை அங்கு நகரும். வில்லையின் வளைவும் வலுவும் மாறும். பார்வை திருந்தியதும், வில்லை முழுவதிலும் ஒளி செலுத்தி அதனை நிலைப்படுத்துவர். அதன்பின் அதனை மாற்றுதல் இயலாது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. சூரிய ஒளியிலும் அதே கதிர்கள் உள. நிலைப்படுத்தும் நாள் வரை, விழித்திருக்கும் நேரமெல்லாம் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். தவறினால், வைத்தியர் திருத்தவேண்டிய வில்லையை வெயில் திருத்திவிடும்.