மரத்தைக் காலால் மிதிக்க வேண்டாம் – துளை மேசை பிடித்துக்கொள்ளும்!



மரவேலை செய்யும் குழுக்களைப் பார்க்கப் போகும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. தரையில் உட்கார்ந்து, மனைப்பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, உளியைக் காலை நோக்கியே தள்ளுவார்கள். கேட்டால், "பழகிப்போச்சு மேடம், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அப்படிச் சொன்ன சகோதரி ஒருவருக்கே உளி வழுக்கிக் கால் பெருவிரலில் இறங்கிவிட்டது. நான்கு தையல். இருபது நாள் பட்டறைக்கும் வரவில்லை, நடவுக்கும் போகவில்லை. கடன் தவணை மட்டும் நிற்குமா? குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள்.

தவறு அவருடையது அல்ல. பயிற்சியில் உளி கொடுத்தோம், இழைப்புளி கொடுத்தோம். மரத்தைப் பிடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. அது எங்கள் தவறு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

துளை மேசை என்றால் என்ன?

பணியாரக்கல்லில் குழிகள் இருப்பதுபோல மேற்பலகை முழுக்க வரிசையாகத் துளை இருக்கும். குழி போல நிற்காமல் அடிவரை போகும். துளையில் முளையைச் செருகி, மரத்தை அதில் முட்ட வைத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு முளையும் ஆப்பும் வைத்துத் தட்டினால் மரம் அசையாது. மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு அடிக்கிறோமே, அதே வித்தைதான்.

செய்வது எப்படி?

1. மேற்பலகை: 18 மி.மீ. பிளைவுட்டில் 4 அடிக்கு 2 அடி அளவில் இரண்டு துண்டு. பசை தடவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அம்மிக்கல், செங்கல் என்று பாரம் ஏற்றி ஒரு இரவு விடுங்கள்.

2. துளை: நான்கு ஓரத்திலிருந்தும் 4 அங்குலம் விட்டு, 4 அங்குலத்துக்கு ஒன்றாகக் கோடு போட்டுக் குறியுங்கள். நீளத்தில் 11, அகலத்தில் 5, மொத்தம் 55 துளை வரும். 20 மி.மீ. பிட் போதும். அடியில் வேண்டாத கட்டையை வைத்துத் துளைத்தால் சிம்பு தெறிக்காது. மெஷின் சாயாமல் நேராக நிற்க வேண்டும்.

3. கால்: 3 அங்குலக் கட்டையில் நான்கு கால், சுற்றிலும் சட்டம். பழைய வீட்டு உத்தரமும் ஆகும். ஆணி இருந்தால் பிடுங்கிவிடுங்கள். சட்டம் ஓரத்திலிருந்து 3 அங்குலத்துக்குள் இருக்கட்டும். உள்ளே வந்தால் துளையை அடைத்துவிடும்.

4. உயரம்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் மேசை உயரம். ஐந்தடி உயரமுள்ளவருக்குச் சுமார் 29 அங்குலம். குழுவில் உயரமானவருக்கு அளவெடுத்துச் செய்து, குட்டையானவர்கள் நிற்க ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம்.

5. முளை, ஆப்பு: கெட்டியான மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் தேய்த்து, துளையில் லேசாக இறங்கும்படி செய்யுங்கள். வேலை செய்யும் மரத்தைவிட முளை உயரக் கூடாது. உயர்ந்தால் இழைப்புளி மோதும். ஒரு பலகைத் துண்டைச் சாய்வாக அறுத்தால் இரண்டு ஆப்பு கிடைக்கும். அவற்றை எதிரெதிராக வைத்துத் தட்டினால் அழுத்தம் சமமாக விழும்.

கவனம்!

துளை போடும்போது முந்தானையை இழுத்துச் செருகுங்கள், தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள், வளையலைக் கழற்றுங்கள், கையுறை போடாதீர்கள். மெஷினில் சுற்றினால் கையையே இழுத்துவிடும். மேசையில் வேலை செய்யும்போதும் உளிக்கு முன்னால் கை இருக்கக் கூடாது. மரத்தை மேசை பிடிக்கட்டும், இரண்டு கையும் உளியைப் பிடிக்கட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. முளையை இடம் மாற்றாமல் வைத்தால் பத்து மனைப்பலகையும் ஒரே அளவில் அறுக்கலாம். "ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு" என்று கடைக்காரர் திருப்பி அனுப்ப மாட்டார்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். மரம், பிளைவுட், கூலி எவ்வளவு ஆகும் என்று இரண்டு கடையில் விசாரித்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள். மேசை ஒருவர் வீட்டுச் சொத்தாக இல்லாமல் குழுச் சொத்தாக இருக்கட்டும். தையல் போட்ட அந்தச் சகோதரி இப்போது நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார். உங்கள் குழுவில் யாருக்கும் தையல் போடும் முன்பே மேசை வந்துவிடட்டும்.