எந்தப் பக்கம் கோபுரம்?

மாடியில் ஆன்டெனா வைக்க நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. இன்று பல ஊர்களில் அந்த முதல் கேள்விக்குப் பதிலே இல்லை.

அமிர்தசரஸ் நகரின் மொட்டை மாடிகளில் ஒரு காலத்தில் டி.வி. ஆன்டெனாக்கள் மேற்கே பார்த்து நின்றன. அந்தத் திசையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் இருந்தது லாகூர். பாகிஸ்தான் டெலிவிஷன் அங்கே 1964-லேயே ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. 1959-ல் டெல்லியில் சோதனை முயற்சியாக ஆரம்பித்த இந்திய டி.வி., அமிர்தசரஸை எட்டியபோது 1973 ஆகிவிட்டது. ராணுவங்கள் முறைத்துக்கொண்டு நின்ற எல்லையை நாடகங்களும் பாட்டுகளும் விசா இல்லாமல் கடந்தன. அமிர்தசரஸில் நிலையம் வந்த பிறகு எதிர்த்திசையிலும் இது நடந்தது: 'பாகீஸா' படத்தை அமிர்தசரஸ் ஒளிபரப்பியபோது லாகூர் மாடிகளில் ஆன்டெனாக்கள் கிழக்கே திரும்பின. தமிழகத்தின் தென்கடற்கரையில் ரூபவாஹினிக்காக உயர்ந்த கம்பங்களும் இதே ரகம்தான்.

அந்த மாடிகளில் ஏறியவர்கள் இயற்பியல் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படை விஷயம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆன்டெனாவைத் தீர்மானிப்பது வாங்குபவரோ கடைக்காரரோ அல்ல. எங்கோ நிற்கும் ஒளிபரப்புக் கோபுரம்தான். அது எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தச் சானலில் அனுப்புகிறது என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்று இன்டர்நெட் கடைகளில் 'எச்.டி. ஆன்டெனா', 'நூற்றுக்கணக்கான மைல்' என்ற அறிவிப்புகளோடு விற்கப்படும் பெட்டிகளை வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் விசாரிப்பதில்லை.

முதலில் தூரம். பூமி உருண்டை என்பதை டி.வி. அலைகள் மறப்பதில்லை. அவை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகின்றன. அடிவானத்துக்கு அப்பால் மிகச் சிறிதளவே வளைகின்றன. கணக்கு எளிது. கோபுரத்தின் உயரம், ஆன்டெனாவின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 4.1-ஆல் பெருக்கினால் கிடைப்பது கிலோமீட்டரில் எல்லை. 100 மீட்டர் கோபுரம், 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா என்றால் சுமார் 53 கி.மீ. கம்பத்தை 16 மீட்டராக உயர்த்தினால்? 57 கி.மீ. ஏழு மீட்டர் குழாய்க்குச் செலவழித்துக் கிடைத்தது வெறும் நான்கு கிலோமீட்டர். குன்றுகூட இல்லாத பஞ்சாப் சமவெளியில் லாகூரும் அமிர்தசரஸும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது இந்தக் கணக்கின் தயவில்தான். உயர்த்துவதில் உண்மையான லாபம் வேறு: பக்கத்து வீட்டு மாடியையும் மரத்தையும் தாண்டிவிடலாம். சில பருவங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஏதோ ஒரு நிலையம் திடீரென்று தெரிவதுண்டு. அது வானிலையின் விளையாட்டு. அதை நம்பி ஆன்டெனா வாங்க முடியாது.

அடுத்தது சானல். மாடிகளில் மீன்முள் போல நிற்கும் ஆன்டெனாவின் பெயர் யாகி-உடா. 1926-ல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் கம்பிகளின் நீளம் அழகுக்காக அல்ல. வயர் இணைக்கப்படும் கம்பி, வரும் அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். 4-ம் சானலின் 62 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சுமார் 2.4 மீட்டர். 7-ம் சானலுக்கு 80 சென்டிமீட்டர் போதும். யு.எச்.எஃப். அலைவரிசை என்றால் ஒரு பள்ளிக்கூட ஸ்கேலின் நீளம். 'எல்லாச் சானலும் எடுக்கும்' என்று விற்கப்படுவது எல்லாவற்றிலும் கொஞ்சம் சமாதானம் செய்துகொண்ட சரக்கு. ஒரே கோபுரம், ஒரே சானல் என்றால் அதற்கென்றே அளவெடுத்துச் செய்த சிறிய ஆன்டெனா, விலை உயர்ந்த பல்சானல் ஆன்டெனாவை எளிதில் தோற்கடிக்கும்.

குட்டையான கம்பிகள் உள்ள பக்கம்தான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். நீளமான ஒற்றைக் கம்பி பின்னால். எத்தனையோ வீடுகளில் இது தலைகீழாக நின்றது. குட்டைக் கம்பிகள் அதிகமாக அதிகமாகப் பார்வை கூர்மையாகும், ஆனால் குறுகலாகும். தொலைவில் இருப்பவருக்கு அது வரம். பம்பாய் போன்ற நகரில் அதற்கு வேறு உபயோகம்: பெரிய கட்டடங்களில் மோதி வரும் அலை திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிழல் முகத்தைச் சேர்த்துவிடும். அதை விரட்டுவது கூர்மையான ஆன்டெனாதான், பூஸ்டர் அல்ல.

பூஸ்டர் பற்றிய மூடநம்பிக்கை தனி அத்தியாயம். அது இல்லாததைக் கொண்டுவராது. படத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் வயரில் வரும் வழியில் நலிந்துபோன சிக்னலைப் பெருக்குகிறது. கம்ப உச்சியில், ஆன்டெனாவை ஒட்டி வைத்தால்தான் பயன். கோபுரத்துக்கு அருகில் இருப்பவர் வைத்தால் அளவுக்கு மீறிய சிக்னலில் படமே கெடும். வயரிலும் கஞ்சத்தனம் உதவாது. பழைய தட்டை வயர் நனைந்த சுவரில் உரசினாலே சிக்னலை இழக்கும். வட்டமான கோஆக்சியல் கேபிளே நல்லது. 300 ஓம் ஆன்டெனாவை 75 ஓம் கேபிளோடு சேர்க்க நடுவே சிறிய பாலன் வேண்டும். கம்பத்தை எர்த் செய்வதும், அது சாய்ந்தால் மின்கம்பியில் விழாத இடத்தில் நிறுத்துவதும் படத்தின் தெளிவை விட முக்கியம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் இன்று திரை வெறுமையாக இருக்கலாம். 1984-ல் ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் சிறிய டிரான்ஸ்மிட்டர்களை நிறுவி நாட்டை மூடிய தூர்தர்ஷன், அதே கோபுரங்களை அணைத்துவிட்டது. அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் எல்லைப்புறம் போன்ற முக்கியமான சுமார் 50 இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச் 31-க்குள் மூடுவதாக 2021 அக்டோபரில் பிரசார் பாரதி அறிவித்தது. பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், செலவு மிச்சம் என்பது வாதம். கணக்கு நியாயமானதே. ஆனால் பெட்டியோ டிஷ்ஷோ இல்லாமல், ஒரு அலுமினியக் குழாயை வைத்து டி.வி. பார்த்த வீட்டுக்கு அந்த மாற்றம் ஒரு செலவாகத்தான் வந்தது.

டிஜிட்டல் பக்கம்? டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை உட்பட 16 நகரங்களில் யு.எச்.எஃப். வழியாக டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் அறிவித்தது. அதற்கு டி.வி.பி.-டி2 டியூனர் வேண்டும். 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று தனியாக ஒன்று கிடையாது. அளவு பொருந்தினால் பழைய யு.எச்.எஃப். ஆன்டெனாவே போதும். ஒரு வித்தியாசம் உண்டு. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் ஒன்று முழுப் படம், இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

ஆகவே பணத்தை எடுக்கும் முன், கோபுரம் இன்னும் ஒளிபரப்புகிறதா என்று அருகிலுள்ள தூர்தர்ஷன் நிலையத்தில் விசாரிப்பது உத்தமம். இல்லை என்றால் எந்த ஆன்டெனாவும், எந்தப் பூஸ்டரும் வீண். மிஞ்சுவது 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய டி.டி. ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லாத இந்தச் சேவை நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பீடு. ஒரு சிறிய டிஷ், ஒரு செட்-டாப் பாக்ஸ் போதும். ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்பதால், டெல்லியிலும் அமிர்தசரஸிலும் சென்னையிலும் டிஷ் தென்கிழக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். குவாஹாட்டியில் கிட்டத்தட்ட நேர் தெற்கு. அந்தப் பக்கம் வேப்பமரம் நின்றால் டிஷ்ஷுக்கு மாடியில் வேறு மூலை தேட வேண்டும்.