ஆகாயத்தில் 700... பேப்பரில் 5,000!

1971 டிசம்பர். பங்களாதேஷ் யுத்தம் உச்சத்தில். உலகப் பத்திரிகைகளில் ஒரு போட்டோ வந்தது. வானம் முழுக்க பாராசூட்கள்! டாக்காவுக்கு வடக்கே டாங்கைலில் இந்தியா 5,000 வீரர்களை இறக்கிவிட்டது என்று கூடவே செய்தி.

நிஜத்தில் குதித்தவர்கள் சுமார் 700 பேர். போட்டோவோ, ஆக்ராவில் எப்போதோ நடந்த ஒத்திகையில் எடுத்த பழைய படம்! ராணுவத்தின் பி.ஆர்.ஓ. ராமமோகன் ராவ் அதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவைத்தார். நான் பி.காம். நம் ஆபீஸ் லெட்ஜரில் 700-ஐ 5,000 என்று எழுதினால் ஆடிட்டர் தோலை உரித்துவிடுவார். யுத்தத்தில் அதற்குப் பாராட்டு கிடைக்கிறது!

சரி, அந்த நிஜமான 700 பேர் யார்?

இரண்டாவது பாரா பட்டாலியன், அதாவது 2 பாரா. கூடவே கொஞ்சம் பீரங்கிக்காரர்கள், இன்ஜினீயர்கள், டாக்டர்கள். 1797-லிருந்து இருக்கிற பழைய மராட்டா படை அது. இரண்டாம் உலகப் போரில் அதற்குப் பாராசூட்டெல்லாம் கிடையாது, கால்நடைதான். 1944 ஜூலை 10-ம் தேதி இத்தாலியில் அதன் நாயக் யஷ்வந்த் காட்கே கூட்டாளிகளையெல்லாம் இழந்து, தனியாளாக ஒரு மெஷின்கன்னை நோக்கி ஓடினார். கையெறி குண்டு வீசினார், சுட்டார். கையிலிருந்த துப்பாக்கியில் தோட்டா தீர்ந்ததும் மாற்ற நேரமில்லை. அதன் குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையாலேயே அடித்து மிச்சப் பேரையும் முடித்தார். மறைந்திருந்தவன் சுட்டதில் அங்கேயே இறந்தார். வயது 22. மரணத்துக்குப் பின் விக்டோரியா கிராஸ். அந்த வயதில் நான் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தேன், விடுங்கள்.

மறுபடி டாங்கைல். மைமன்சிங்கிலிருந்து பாகிஸ்தானின் 93-வது பிரிகேட் டாக்காவைக் காப்பாற்றப் பின்வாங்கி வந்துகொண்டிருந்தது. அது வரும் வழியில் பூங்லி பாலம். அதைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது.

டிசம்பர் 11, மாலை நாலரை மணி வாக்கில் குதித்தார்கள். பாக்கெட், டகோட்டா, ஏ.என்.12 என்று கலவையான விமானங்கள். எதிரியைக் குழப்ப வேறு இடத்தில் பொம்மைகளைக்கூடப் போட்டார்கள். ஆட்கள் ஒரு பக்கம், சாமான்கள் ஒரு பக்கம் என்று சிதறியதுதான் தலைவலி. குளத்தில் விழுந்தவையும் உண்டு. சுற்றுப்பட்ட கிராமத்து ஜனங்கள் 'ஜெய் பங்களா' என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, பெட்டிகளைத் தலையில் தூக்கிப் பாலத்துக்குக் கொண்டுபோனார்களாம். இந்த உதவி எந்த ராணுவப் பிளானிலும் இருந்திருக்காது!

இருட்டியதும் பாலம் கைக்கு வந்துவிட்டது. ராத்திரி பாகிஸ்தான் வண்டிகள் வந்தன. விஷயம் தெரியாமல் நேராகப் பாலத்துக்கே! பிறகு உடைத்துக்கொண்டு போகத் திரும்பத் திரும்பப் பாய்ந்தார்கள். பாலம் நகரவில்லை. மறுநாள் சாயங்காலம் வடக்கிலிருந்து தரை வழியாக 1 மராட்டா வந்து கை கொடுத்தது. பழைய பங்காளிகள்தானே!

வலை விரிப்பதற்குள் கொஞ்சம் மீன் நழுவிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 93-வது பிரிகேட் டாக்காவுக்கு ஒரு பிரிகேடாகப் போய்ச் சேரவில்லை. அதன் பிரிகேடியரே பிடிபட்டார். 2 பாராவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னுவுக்கு மகாவீர் சக்ரா.

ஜெனரல் நியாஜி சரணடைந்ததற்கு ஆக்ரா போட்டோவும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. இருக்கட்டும். டிசம்பர் 16 காலையில் அவருக்குக் கிடைத்தது போட்டோ அல்ல, ஒரு துண்டுச் சீட்டு. டாக்கா எல்லையில் மீர்ப்பூர் பாலத்தில் இருக்கிறேன், ஆள் அனுப்புங்கள் என்று மேஜர் ஜெனரல் நாக்ரா எழுதியது. இருவரும் முன்பே அறிமுகமானவர்கள். நாக்ரா முன்பு இஸ்லாமாபாத்தில் நம் தூதரகத்தில் இருந்தவர்.

அந்தப் பாலத்தில் அவருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தது 2 பாரா. டாக்காவுக்குள் முதலில் நுழைந்த இந்தியப் பட்டாலியனும் அதுதான். இந்தத் தடவை பாராசூட் இல்லை, ரோடு வழியாக!