உங்களுக்குத் தெரியுமா? 5ஜி கோபுரத்துக்கும் இழை வேண்டும்!

▪ கைப்பேசி அலை காற்றில் செல்வது அருகிலுள்ள கோபுரம் வரைதான். அதற்கப்பால் 5ஜி வேகம் குறையாமல் போக, கண்ணாடி இழையே சிறந்த வழி.

▪ இழைக்குள் தகவலைச் சுமக்கும் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. பாயும். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு, சுமார் 30 கி.மீ. தூரத்தை, கண் இமைக்கும் முன்பே கடந்துவிடும்.

▪ ஓர் இழையைப் பல கிளைகளாகப் பிரிக்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. இம்முறையில் இரு திசையிலும் 10 ஜிகாபிட் வேகம் தரும் தரநிலை ஒன்று 2016-இல் வந்தது.

▪ பெரம்பலூரின் 121, அரியலூரின் 201 ஊராட்சிகள் உட்பட, தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இழையால் இணைப்பதே மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. இங்கே அந்தப் பணி, மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம். நகரத்து வேகம் கிராமத்துக்கும் உரியதே!