மலைப் பாதையில் மிதிவண்டி – 11: பொதிக் கழுதையின் நியாயம்

பிரேக்கின் விஷயம் சென்ற வாரத்தோடு முடிந்தது. இறக்கத்தில் அதை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டிய காரணத்தை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் தன் சாமான்களைக் கூடையில் வைப்பதா, பையில் வைப்பதா என்ற வழக்கை இந்த வாரம் தீர்த்துவைப்பதாக வாக்களித்திருந்தேன். அச்சகத்து ஆள் வாசலில் வந்து நிற்கும் இந்த வேளையில் பார்த்தால், வழக்கு பாதித் தூரம்கூட நகரவில்லை. அதற்குக் காரணம் ஒரு கழுதை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சமவெளியில் வேலைக்குப் போகிறவனுக்கு ஒரு டிபன் கேரியரும் ஒரு குடையும் போதும். ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயில் மேட்டுக்கு, சில்வர் ஓக் நிழலில் வளரும் காப்பிச் செடிகளைக் கடந்து ஏறுகிறவனுக்கோ, ஏறும்போது கழற்ற வேண்டிய ஸ்வெட்டர், இறங்கும்போது போட்டுக்கொள்ள வேண்டிய மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, ஆபீஸ் காகிதம், மத்தியானச் சோறு என்று மூட்டை வளர்ந்துகொண்டே போகும். இவ்வளவையும் முதுகுப் பையில் அடைத்துக்கொண்டு, 5,326 அடி உயரத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும் குடிகொண்டிருக்கும் அந்தக் குகைக் கோயிலுக்குள் நுழையப் பார்க்கிற பக்தன், உடம்பைக் குனிந்து காப்பாற்றிக்கொண்டாலும் பையைப் பாறையில் இடித்துக்கொள்ளாமல் தப்புவது அரிது.

கனத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு முதலில் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன். சேலம் நகரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஊரையும் தாண்டிக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் நாம் சற்றேறக்குறைய 1,340 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். ஐந்து கிலோ சாமானை அந்த உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் சக்தி சுமார் 16 கலோரி. மனித தேகம் உண்ட உணவில் கால் பங்கைத்தான் உழைப்பாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு அறுபத்தைந்து கலோரியை ஒட்டி வரும். அதாவது ஏறக்குறைய ஒன்றரை இட்லி! ஆகவே ஒரு டவலைக் குறைப்பதா, ஒரு புத்தகத்தை விடுவதா என்று மனத்தைக் குழப்பிக்கொள்வதைவிட, காலையில் இன்னும் ஓர் இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது உத்தமம். நம்மை வருத்துவது சுமையின் எடையன்று. அந்த எடை வண்டியில் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதே.

2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தால் இழந்த கௌரவத்தைத் திரும்பப் பெற்ற நம் மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைவீதியில் அதைவிடச் சிறந்த துணை இல்லை. ஆனால் ஹாண்டில்பாரின் ஒரு முனையில் அதைத் தொங்கவிட்டு வளைவில் திரும்பினால், பை ஊசலாடி ஹாண்டிலைத் தன் பக்கம் இழுப்பதோடு, சமயம் பார்த்து முன்சக்கரத்துக் கம்பிகளுக்குள்ளும் புகுந்துவிடும். தோளில் குறுக்காக மாட்டும் ஜோல்னாப் பை, பெடலை அழுத்தக் குனிகிற தருணத்தில் முன்னே வழுக்கி வந்து முழங்காலோடு சண்டை பிடிக்கும். கேரியரின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பழைய டியூபை வெட்டிய வாரால் இறுக்கிக் கட்டிய மூட்டையோ, உயரத்தில் இருக்கிற ஒரே காரணத்தால், நின்று மிதிக்கும்போது வண்டியை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கும். முதுகுப் பைக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குண்டு குழியில் விழும் அதிர்ச்சியை நம் உடம்பே வாங்கிக்கொள்வதால், லாப்டாப் போன்ற மென்மையான சாமானுக்கு அது பத்திரமான இடம். அதற்குக் கூலியாக ஏற்றம் முழுவதும் சட்டையின் முதுகு நனைந்துகொண்டிருக்கும்.

இனிக் கழுதைக்கு வருகிறேன். சுமையை எங்கே அமர்த்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் கை போயிற்று. அதில் பெரும்பாணாற்றுப்படையில் கண் நின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்தப் பாட்டில், சுங்கம் வாங்கும் பெருவழியிலே வணிகக் கூட்டத்தோடு சில கழுதைகள் போகின்றன. அவற்றின் காதுகள் நிமிர்ந்திருக்கின்றன. வலிய முதுகுகளில் தழும்பு ஆழப் பதிந்திருக்கிறது. இருபுறமும் எடை ஒத்த மிளகுப் பொதிகள் இருக்கின்றன. அந்தப் பொதிக்குப் புலவர் கண்ட உவமை பலாப்பழம்! கிளை நுனியில் காற்றுக்கு ஆடுகிற பழத்தை அவர் சொல்லவில்லை. அடிமரத்தை ஒட்டிக் காய்த்த பழத்தைத்தான் சொல்கிறார். கனமான பொருளைத் தாங்குகிறவனுடைய உடலோடு ஒட்டி, இருபுறமும் சமமாக, எவ்வளவு தாழ்த்தி வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்த்தி வைப்பது என்ற பொதி சாஸ்திரம் முழுவதும் அந்த ஒரே உவமையில் அடங்கிக் கிடக்கிறது. மிளகுக் கொடி ஏறிய மரங்களும் பலாவும் இந்தச் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் ஒன்றாகவே வளர்கின்றன; அந்த வழியே சைக்கிளில் போகிறவர்கள் உவமையைக் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆனந்தத்தில் நான் புலவர் குறித்த தழும்பை விட்டுவிடப் போவதில்லை. பொதி எவ்வளவு நேர்த்தியாகச் சமன் செய்யப்பட்டிருந்தாலும், அது உடம்பைத் தொடுகிற இடத்தில் ஓயாமல் உரசிக்கொண்டுதானிருக்கும். நம் வண்டியில் அந்த உரசல் கேரியர் கம்பியும் பையின் கொக்கியும் சந்திக்கும் இடத்தில் நிகழ்கிறது. பக்கப் பைகள் பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை, அங்கேதான் தேய்ந்து அறுகின்றன. பழைய டியூபில் நான்கு விரற்கடை வெட்டி அந்தக் கம்பியின் மேல் சுற்றிவிட்டால், பைக்கும் ஆயுள் கூடும், கொக்கியின் கடகடப்பும் ஓயும்.

இந்த நியாயம் கழுதையோடு நின்றுவிடவில்லை. 1954-இல் வியட்நாமின் தியன் பியன் பூ யுத்தத்துக்குத் தளவாடமும் அரிசியும் கொண்டுபோனவர்கள், மோட்டார் லாரி நுழைய முடியாத காட்டுப் பாதைகளில், சட்டத்தைப் பலப்படுத்திய சைக்கிள்களின் இருபுறமும் மூட்டைகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் 200 கிலோவுக்கும் மேலே ஏற்றி, ஹாண்டிலில் ஒரு மூங்கிலைப் பிணைத்து, ஏறி ஓட்டாமல் பக்கத்தில் நடந்தே தள்ளிச் சென்றார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கேரியரின் இரு பக்கமும் கொக்கி வைத்துப் பால் கேன்களை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வரும் நம் ஊர்ப் பால்காரர், வலது கேனிலிருந்து ஒரு வீட்டுக்கு ஊற்றினால் அடுத்த வீட்டுக்கு இடது கேனிலிருந்து ஊற்றுவதன் காரணமும் இதுவே.

ஆகையால் என் தீர்ப்பு, கேரியரின் இருபுறமும் தொங்கும் ஜோடிப் பைக்கே. கனமான சாமானைப் பையின் அடியில், பின்சக்கர அச்சுக்கு நேராக வைக்க வேண்டும். அச்சுக்கு வெகுவாகப் பின்னே தள்ளி வைத்தால், செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் கனமிழந்து நிலைகொள்ளாமல் அலையும். வெகுவாக முன்னே இழுத்தால், பெடலை மிதிக்கும் குதிகால் ஒவ்வொரு சுற்றிலும் பையை உதைக்கும். கேரியரின் மேல் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், அது கேரியர் தாங்கும் எடை மட்டுமே; நம் பின் டயரும் கம்பிகளும் அதற்குச் சம்மதித்ததாக அர்த்தமில்லை.

கூடையின் கதி என்ன என்று கேட்பீர்கள். அரசு 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு வழங்கத் தொடங்கி, 2005-06 முதல் பிற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கிய இலவசச் சைக்கிள்களின் முன்னே இருக்கும் அந்தக் கம்பிக் கூடையைப் பற்றியும், ஹாண்டிலோடு சேர்ந்து திரும்பும் கூடை இறக்கத்தில் செய்யும் சேஷ்டைகளைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகச் சைக்கிள் கற்ற பெண்களில் பலர், குழந்தையைக் குறுக்குக் கம்பியில் உட்கார வைக்கலாம் என்பதற்காகவே ஆண்கள் சைக்கிளை விரும்பிய கதையையும் அத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். லாரித் தார்ப்பாயைக் கண்டு, அதிலேயே மழை புகாத சைக்கிள் பை தைத்து, 1982-இல் கம்பெனி தொடங்கிய ஜெர்மானியர் ஆர்ட்லீப்பும் காத்திருக்கிறார். எல்லாம் அடுத்த வாரம்.

அதற்குள் பை வாங்கியே தீர வேண்டியவர்கள் கடைக்குச் சைக்கிளையும் ஓட்டிக்கொண்டு போகட்டும். பையை மாட்டி, உள்ளே இரண்டு செங்கல் வைத்து, ஸீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிப் பத்துச் சுற்றுச் சுற்றட்டும். குதிகால் ஒரு முறை இடித்தாலும் காசைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.