285 டன் விமானத்தை இழுத்த எஸ்யுவி! அசர வைக்கும் கார் அதிசயங்கள்... தெரியுமா?

நம் ஊர் ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எஸ்யுவிதான். எல்லாமே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே ஜாடையில்தான் நிற்கின்றன. ஆனால் பானெட்டுக்குக் கீழேயும் சக்கரங்களுக்கு நடுவிலும் ஒவ்வொன்றும் தனித்தனி ஜாதி! ஒன்று அநாயாசமாக ஏறும் மேட்டில் இன்னொன்று முக்கி முனகும். ஒன்று தண்ணீரில் மிதக்கும், இன்னொன்று முழங்கால் அளவுக்கே நின்றுவிடும். ஏன் இப்படி? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஒரு கார் ஏ380 விமானத்தையே இழுத்தது, தெரியுமா?

உலகிலேயே பெரிய பயணிகள் விமானம் ஏர்பஸ் ஏ380. 2017-ல் பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில், 285 டன் எடையுள்ள அந்த ராட்சதனை 42 மீட்டர் தூரம் இழுத்துக் கின்னஸில் இடம்பிடித்தது ஒரு போர்ஷே கேயன் எஸ் டீசல்! ஷோரூமில் விற்ற அதே கார்தான். ரகசியம் அதன் டார்க். 850 என்எம் (நியூட்டன் மீட்டர்)! நின்றுகொண்டிருக்கும் கனத்தை அசைத்து நகர்த்துவது டார்க். நகர்ந்த பிறகு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது பவர். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் எஸ்யுவி விவரப் பட்டியலில் பாதி புரிந்த மாதிரி!

ஒரே கார், ஒரே பவர், இரண்டு குணம்... எப்படி தெரியுமா?

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தருவது 115 பிஎஸ். 1.5 லிட்டர் டீசல் தருவது 116 பிஎஸ். ஒரே ஒரு பிஎஸ்தான் வித்தியாசம்! ஆனால் டார்க்? பெட்ரோல் 144 என்எம், டீசல் 250 என்எம்! ஐந்து பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குப் போனால் தெரியும் சேதி. ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்துப்போகும். அங்கிருந்து மறுபடி கிளம்ப, பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைத்து ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்க வேண்டும். டீசலோ குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுத்துக்கொண்டு போய்விடும். பவரை மட்டும் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள்!

பல எஸ்யுவிகளில் பின்சக்கரம் சும்மாதான் உருளுகிறது, தெரியுமா?

கிரெட்டா, நெக்ஸான், டீசல் ஹாரியர்... எல்லாமே முன்சக்கரங்களால் மட்டும் ஓடுபவை! அதிலும் ஹாரியரின் அடித்தளம் லேண்ட் ரோவரின் டி8 பிளாட்ஃபார்மிலிருந்து பிறந்தது. அப்படிப்பட்ட பரம்பரையில் வந்தும், நான்கு சக்கரங்களுக்கும் சக்தி கிடைத்தது 2025-ல் ஹாரியர் இவி இரட்டை மோட்டாருடன் வந்தபோதுதான். மதுரைக்கோ கோவைக்கோ நாற்கரச் சாலையில் போய்வர முன்சக்கர டிரைவ் தாராளமாகப் போதும். சேறு, மணல், காட்டுப்பாதை என்றால்தான் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் வண்டி மாட்டிக்கொள்ளும், தெரியுமா?

கரடுமுரடான பாதையில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் தொங்குகின்றன என்று வையுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தொங்குகிற சக்கரங்கள் மட்டும் கிறுகிறுவெனச் சுற்றும். தரையில் ஊன்றி நிற்கும் சக்கரங்களோ அசையவே அசையா! காரணம், ஒவ்வொரு அச்சின் நடுவிலும் இருக்கும் டிஃபரன்ஷியல். அது இரண்டு பக்கத்துக்கும் சமமான டார்க்கைத்தான் அனுப்பும். தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற டார்க்கே தேவையில்லை என்பதால், ஊன்றிய சக்கரத்துக்கும் அதே ‘ஒன்றுமில்லை’தான் கிடைக்கிறது. இதற்கு மருந்துதான் டிஃப் லாக். பூட்டிவிட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் இந்தப் பூட்டு உண்டு. மெர்சிடீஸ் ஜி-கிளாஸில் மூன்று பூட்டுகள்! மாருதி ஜிம்னி வேறு வழியில் போகிறது. வீணாகச் சுற்றும் சக்கரத்தை பிரேக்கால் கவ்விப்பிடித்து, டார்க்கை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. கெட்டிக்கார வண்டி!

குட்டி சுஸூகி 6,688 மீட்டர் உயரம் ஏறியது, தெரியுமா?

2007-ல், சிலி நாட்டின் ஓஹோஸ் தெல் சலாதோ எரிமலையில் 6,688 மீட்டர் வரை ஏறி அன்றைய உலக சாதனை படைத்தது, மாற்றியமைக்கப்பட்ட ஒரு சுஸூகி சாமுராய். நம் ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் நெருங்கிய சொந்தம்! எடை குறைந்த வண்டி மணலிலும் பனியிலும் எளிதில் புதையாது என்பதுதான் இதன் பலம். இன்றைய ஜிம்னியில் 105 பிஎஸ், 134 என்எம்தான். மஹிந்திரா தார் டீசலிலோ 300 என்எம்! ஆனால் ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோதான். தாரைவிடப் பல நூறு கிலோ குறைவு. எண்ணில் தோற்ற வண்டி மணலில் ஜெயிப்பது இப்படித்தான்.

5 மில்லிமீட்டரில் லட்ச ரூபாய் வரி, தெரியுமா?

நெக்ஸான், வென்யூ, சோனெட்... மூன்று வெவ்வேறு கம்பெனிகள், ஆனால் நீளம் எல்லாமே 3,995 மி.மீ.! தற்செயலா? இல்லவே இல்லை. 4 மீட்டரைத் தாண்டாமல், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் டீசல் இன்ஜின் 1,500 சிசிக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 18%. எல்லை தாண்டினால் 2025 செப்டம்பர் முதல் 40%! மூன்று கதவு தார் 3,985 மி.மீ. நீளம்தான். ஆகவே 1.5 லிட்டர் டீசல் தாருக்குக் குறைந்த வரி, 2.2 லிட்டர் டீசல் தாருக்குக் கூடுதல் வரி. ஒரே உடம்பு, இரண்டு வரி!

தண்ணீரில் மிதக்கும் எஸ்யுவி இருக்கிறது, தெரியுமா?

சீனாவின் பிஒய்டி நிறுவனத்தின் யாங்வாங் யு8, அவசரத்தில் சுமார் அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கும்! நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதால், நின்ற இடத்திலேயே வட்டமும் அடிக்கும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 900 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கும். தார் 650 மி.மீ. இறங்கும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஓடாத தண்ணீரில் மெதுவாகப் போவதற்குத்தான். வெள்ளம் இரண்டடி ஆழத்தில் ஓடினாலே பெரும்பாலான எஸ்யுவிகளை இழுத்துச் சென்றுவிடும். முக்கியமான விஷயம், தண்ணீரில் நின்றுபோன இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது! சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜினே போய்விடும்.

உயரம்தான் எஸ்யுவியின் பலம். அதுவே பலவீனமும்கூட, தெரியுமா?

தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ. பள்ளம், ஸ்பீடு பிரேக்கர் எதற்கும் அடிவயிறு தட்டாது. ஆனால் புவியீர்ப்பு மையமும் கூடவே மேலே போகிறது. வைக்கோல் லோடு ஏற்றிய லாரி வளைவில் எப்படிச் சாய்கிறதோ, அதே கதை! சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும் எண்ணை வைத்துத்தான் அமெரிக்காவில் கார் கவிழும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். மின்சார எஸ்யுவிகளில் கனமான பேட்டரி தரையோடு தரையாகப் படுத்திருப்பதால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைகிறது. வண்டி எதுவானாலும், இஎஸ்சி (எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) இல்லாத வேரியன்ட்டை வாங்காதீர்கள். சறுக்கும் வண்டியை நொடிக்குள் நேராக்கும் காவல் தெய்வம் அது!

சடசடவென இன்னும் சில... தெரியுமா?

● 2017-ல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், மாற்றியமைக்கப்பட்ட ஒரு டொயோட்டா லேண்ட் க்ரூஸர் மணிக்கு 370 கி.மீ. வேகத்தில் பறந்தது!

● 2018-ல் சீனாவின் தியன்மென் மலையில் 999 படிகளை ஏறிக் காட்டியது ஒரு ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஹைபிரிட்!

● மஹிந்திரா பிஇ 6 மின்சார எஸ்யுவி 100 கி.மீ. வேகத்தைத் தொட 6.7 விநாடிகள் போதும் என்கிறது நிறுவனம்!

● 80 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடும். நெடுஞ்சாலையில் மைலேஜ் அடிவாங்குவது இதனால்தான்!

● குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு, 2018-ல் டாடா நெக்ஸான்!

● மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட், அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது!

பார்த்தீர்களா, ‘எது சிறந்த எஸ்யுவி’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மலைக்கு டார்க், மணலுக்குக் குறைந்த எடை, சேற்றுக்கு டிஃப் லாக், நெடுஞ்சாலைக்கு இஎஸ்சியும் நட்சத்திரமும். நீங்கள் தினமும் போகிற ரோடு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற எண்ணை விவரப் பட்டியலில் தேடுங்கள். சன்ரூஃபையும் பெரிய திரையையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்!