அடியில் வரும் குளிர்

ஜாசினில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள். மின்விசிறி இல்லாமல் இங்கு யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் நம் மாவட்டத்தில் ஆசஹான் இருக்கிறது. அதற்கு மேலே 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை நிற்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். அடிவாரத்தில் இரவு 24 என்றால் உச்சியில் 16, 17தான் இருக்கும்.

16 என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். ஏர்கோன் ரிமோட்டில் 16-ஐ அழுத்தி, நனைந்த சட்டையோடு, போர்வை இல்லாமல் எட்டு மணி நேரம் படுத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மலையில் தொங்கு படுக்கை கட்டித் தூங்குவது ஏறக்குறைய அப்படித்தான். நண்பர்கள் இதை ஹேமாக் என்பார்கள். எடை குறைவு, மேடு பள்ளமும் சேறும் தொந்தரவு செய்யாது என்பதால் கல்லூரி மாணவர்கள் பலர் கூடாரத்தை விட்டு இதற்கு மாறிவருகிறார்கள்.

இதில் குளிர் மேலிருந்து வருவதில்லை, முதுகுக்கு அடியிலிருந்து வருகிறது. ஸ்லீப்பிங் பேக் சூடு தருவது அதன் பஞ்சுக்குள் அடைபட்ட காற்றால். நாம் படுத்ததும் நம் எடையே அந்தக் காற்றைப் பிதுக்கித் தள்ளிவிடும். மெல்லிய துணிக்குக் கீழே மலைக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு சில்லிட்டுத்தான் போகும்.

தோட்டத்து லயத்தில் தூளி கட்டும்போது என் பாட்டி பழைய கைலியை நாலாக மடித்துப் பிள்ளைக்கு அடியில் போடுவார். அந்தக் காலத்துக் கப்பல் மாலுமிகளும் தொங்கு படுக்கைக்குள் மெத்தை விரித்துத்தான் படுத்தார்கள். இன்று படுக்கைக்கு வெளியே, அடிப்புறத்தில் தொங்கவிடும் அண்டர்குவில்ட் விற்கிறார்கள். எடை அழுத்தாததால் அதன் பஞ்சு உப்பியபடியே இருக்கும். நல்ல பொருள்தான், ஆனால் மாணவர் கைக்கு விலை கட்டாது. ஒரு நுரைப் பாய் போதும். அது நழுவாமல் இருக்க ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளே வைத்துவிடுங்கள். காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் பளபளப்பான மறைப்பும் உதவும். ஆனால் வியர்வை அதில் தேங்கும், நடுவில் ஒரு துணி விரிக்க வேண்டும்.

ஈரம் குளிரைவிட மோசம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடற்சூட்டைக் கடத்தும். தார்ப்பாயைத் தாழ்வாக, காற்று வீசும் பக்கம் சரித்துக் கட்டுங்கள். மரத்தில் வழியும் மழைநீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் படுக்கைக்கே வந்துவிடும். படுக்கைக்குச் சற்று முன்னால் கயிற்றில் ஒரு நூல் துண்டைத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பத்து காசு செலவில்லாத வித்தை.

ஏறும்போது போட்ட பருத்திச் சட்டை வியர்வையில் ஊறியிருக்கும். தூங்குவதற்கென்றே ஒரு செட் உடை, காலுறையோடு, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருங்கள். என்ன ஆனாலும் இரவுக்கு முன் அதைத் தொடக்கூடாது. படுக்குமுன் சூடாக மைலோ, வயிற்றுக்குக் கொஞ்சம் சோறு.

இதை வெறும் வசதிக்காகச் சொல்லவில்லை. ஒருமுறை எங்கள் குழுவில் ஒரு தம்பி நள்ளிரவில் நடுங்கிக்கொண்டே வாய் குழறினான். சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை. ஈர உடையை மாற்றி, இரண்டு ஸ்லீப்பிங் பேக்கில் சுற்றி, இனிப்புப் பானம் கொடுத்து, விடியும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் ஆபத்து. அதற்குப் பனி விழ வேண்டியதில்லை. மழையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் போதும். குளிரில் கிடப்பவருக்குச் சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்றால் நிம்மதி அடையாதீர்கள், நிலைமை முற்றுகிறது என்று பொருள். உடனே 999-க்கு அழைக்க வேண்டும். கை கால்களை அழுத்தித் தேய்க்கக் கூடாது. சுயநினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மலையேற அனுமதி, வழிகாட்டி பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், மழை தூறும் ஓர் இரவில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ரம்புத்தான் மரங்களுக்கு நடுவில் கட்டிப் படுத்துப் பாருங்கள். இடி இடித்தால் வேண்டாம். கயிற்றில் நீர் எந்தப் பக்கம் வழிகிறது, பாய் எங்கே நழுவுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். முதுகு சில்லிட்டால் பத்தடியில் வீட்டுக் கதவு இருக்கிறது.